மேஜைக்கடியில் ஒரு குண்டு: ஹிட்ச்காக்கும் அவர் வாரிசுகளும்

சஸ்பென்ஸ் படம் என்றாலே கொலையாளி யாரென்று கடைசி ரீல் வரை சொல்லாமல் இழுத்தடிப்பது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த வகைக்கே ஆசானாகக் கொண்டாடப்படும் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்குக்கு இத்தகைய கதைகளில் பெரிய நாட்டம் இருந்ததில்லை. அவர் திரும்பத் திரும்பச் சொன்ன உதாரணம் பிரசித்தமானது. நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் மேஜைக்கடியில் குண்டு இருக்கிறது. நமக்குத் தெரியாமல் அது வெடித்தால் சில நொடி அதிர்ச்சி, அவ்வளவுதான். முன்பே தெரிந்துவிட்டால், அவர்களுடைய வெட்டிப் பேச்சு முழுவதும் நமக்கு நெஞ்சு பதைக்கும். பார்வையாளனிடம் மறைப்பதைவிடச் சொல்லிவிடுவதே மேல் என்பது அவர் கட்சி. அவருடைய வாரிசுகளை எடைபோட இதைவிட நல்ல உரைகல் கிடையாது.

1899இல் லண்டனில் பிறந்தவர் ஹிட்ச்காக். ஊமைப்படங்களுக்கு எழுத்து அட்டை வரைந்து சினிமாவுக்குள் வந்தார். 1924இல் ஜெர்மனியில் வேலை பார்த்தபோது ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் படம் எடுப்பதை அருகிலிருந்து பார்த்தார். வசனத்தை நம்பாமல் கதை சொல்லும் பழக்கம் அந்த நாட்களில் ஊறியது. 'தி லாட்ஜர்' (1927) படத்தில் மாடியில் குடியிருப்பவன் அமைதியின்றி உலாவுவதைக் கீழே இருப்பவர்கள் கேட்க வேண்டும். படமோ ஊமைப்படம். கண்ணாடித் தரை அமைத்து, அவன் நடக்கும் பாதங்களைக் கீழிருந்து படமாக்கினார். மனைவி ஆல்மா ரெவில் எடிட்டிங்கும் திரைக்கதையும் கற்றுத் தேர்ந்தவர். அவர் பெயரைச் சொல்லாமல் இந்தப் பரம்பரையைப் பற்றி எழுதுவது நியாயமில்லை.

'நொடோரியஸ்' (1946) படத்தின் விருந்துக் காட்சியைப் பாருங்கள். மாடி உயரத்திலிருந்து கேமரா கூட்டத்தைக் காட்டுகிறது. அங்கிருந்து நிதானமாக இறங்கி, இங்க்ரிட் பெர்க்மனின் மூடிய கையில் வந்து நிற்கிறது. கைக்குள் ஒரு சாவி. கணவனுக்குத் தெரியாமல் எடுத்த மதுக்கிடங்குச் சாவி. அடுத்து ஷாம்பெய்ன் பாட்டில்கள். விருந்தினர் குடிக்கக் குடிக்கப் பாட்டில்கள் குறைகின்றன. தீர்ந்துபோனால் கணவன் கிடங்குக்குப் போவான், சாவியைத் தேடுவான். யாரும் கத்தியை ஓங்கவில்லை, துப்பாக்கியை நீட்டவில்லை. பாட்டில்கள் குறைவது மட்டுமே நம்மை நாற்காலியின் நுனிக்குக் கொண்டுவந்துவிடுகிறது. சஸ்பென்ஸ் என்ற கலையின் உச்சம் இதுதான் என்பது என் துணிபு. 'சைக்கோ'வுக்குக்கூட இரண்டாம் இடம்தான்.

'வெர்டிகோ' (1958) இதைவிடத் துணிச்சலானது. அதன் மூலம் புவாலோ, நார்செஜாக் இருவரும் சேர்ந்து எழுதிய பிரெஞ்சு நாவல். நாவலில் மர்மம் முடிவில்தான் அவிழ்கிறது. ஹிட்ச்காக்கோ படம் முடிய வெகுநேரம் இருக்கும்போதே, நாயகன் இழந்த காதலியின் சாயலில் இருக்கும் பெண் கடிதம் எழுதும் காட்சியில் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார். அதன் பிறகு நாயகன் அவளை அலங்கரித்து இறந்தவளாக மாற்றும் ஒவ்வொரு நிமிடமும் நமக்கு வலிக்கிறது. அவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரியுமே! வெளிவந்தபோது சுமாராகத்தான் வரவேற்றார்கள். 2012இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் அதுவே முதலிடம் பெற்றது. பெண்ணை வேடிக்கைப் பொருளாக்கும் பார்வை ஹிட்ச்காக் படங்களில் இருக்கிறது என்று திரைக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975இல் எழுதிய விமர்சனம் இன்றும் வலுவானது. அதையும் படித்துவிட்டே 'வெர்டிகோ'வைப் பார்க்க வேண்டும்.

வாரிசுகளில் மூத்தவர்கள் பிரெஞ்சு இயக்குநர்கள். வெறும் பொழுதுபோக்குக்காரர் என்று மற்றவர்கள் ஒதுக்கிய காலத்தில், ஷாப்ரோலும் ரோமரும் 1957இலேயே அவரைப் பற்றிப் புத்தகம் எழுதினார்கள். த்ரூஃபோ 1962இல் நாள்கணக்கில் எடுத்த பேட்டி 1966இல் நூலானது. படமெடுக்க வரும் யாரும் அதைப் படிக்காமல் வரக் கூடாது. ஆசானின் பாடத்தைச் சரியாகப் பிடித்தவர் ஷாப்ரோல். அவரது 'ல பூஷே' (1970) படத்தில் ஓர் ஆசிரியை கசாப்புக்காரனுக்கு லைட்டர் ஒன்றைப் பரிசளிக்கிறாள். பிறகு ஒரு சடலத்தின் அருகே அதே மாதிரி லைட்டரைப் பார்த்து எடுத்து ஒளித்துவைக்கிறாள். இனி அவன் சிகரெட்டை எடுக்கும்போதெல்லாம் அவளோடு நாமும் அவன் கையைப் பார்க்கிறோம்.

இத்தாலியில் பாவா, அர்ஜெந்தோ வழி வேறு. கையுறை, கத்தி, கண்ணைப் பறிக்கும் வண்ணம். அழகு உண்டு. ஆனால் கொலையாளியின் முகத்தை மறைப்பதிலேயே அந்தப் பள்ளிக்கு மோகம் அதிகம். அமெரிக்காவில் பிரையன் டி பால்மா, ஹிட்ச்காக்கின் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனையே 'சிஸ்டர்ஸ்', 'அப்செஷன்' படங்களுக்கு அழைத்துக்கொண்டார். ஆயினும் உண்மையான வாரிசு ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' (1975) என்பேன். வெகுநேரம் வரை சுறா முழுதாகக் கண்ணில் படுவதே இல்லை. மிதக்கும் மஞ்சள் பீப்பாய்கள் அது எங்கே வருகிறது என்று நமக்குச் சொல்லிவிடுகின்றன. இதற்கு நேர் எதிர், கஸ் வான் சாண்ட் 1998இல் 'சைக்கோ'வை ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் அப்படியே திரும்ப எடுத்தது. எல்லாம் இருந்தது, உயிர் இல்லை.

'சைக்கோ' (1960) என்றதும் எல்லோரும் குளியலறைக் காட்சியையே பேசுகிறார்கள். ஏழு நாள் படப்பிடிப்பு, ஹெர்மனின் வயலின் அலறல், எல்லாம் சரி. நான் பார்க்கச் சொல்வது அதற்குப் பிறகு வருவதை. விடுதிக்காரன் நார்மன் சடலத்தோடு காரைச் சதுப்பில் தள்ளுகிறான். பாதி மூழ்கிய கார் நின்றுவிடுகிறது. ஒரு கணம், அது முழுகிவிடாதா என்று நாமே தவிக்கிறோம். தடயத்தை மறைப்பவன் பக்கம் நம்மை அறியாமல் சாய்ந்துவிடுகிறோம். அந்தத் தவிப்பை உண்டாக்கத் தெரியாதவர் எத்தனை லிட்டர் ரத்தம் கொட்டினாலும் ஹிட்ச்காக் வழியில் வந்தவர் ஆகமாட்டார்.

தமிழில் எஸ். பாலசந்தரின் 'பொம்மை' (1964) இந்த உரைகல்லில் தேறும். வெடிகுண்டு வைத்த பொம்மை கைமாறிக்கொண்டே போகிறது. ஏந்துபவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஹிட்ச்காக்கின் 'சபோடாஜ்' (1936) படத்தில் குண்டு என்று அறியாமலே ஒரு சிறுவன் அதைச் சுமந்து செல்வது நினைவுக்கு வரும். அங்கே குண்டு வெடித்துச் சிறுவன் இறந்துவிடுகிறான். அவ்வளவு பதைக்கவைத்த பிறகு வெடிக்க விட்டது தப்பு என்று ஹிட்ச்காக்கே பின்னாளில் ஒப்புக்கொண்டார். பாலு மகேந்திராவின் 'மூடுபனி'யில் (1980) 'சைக்கோ'வின் சாயல் உண்டு. ஆனால் மனம் சிதைந்தவனைப் பரிவோடு பார்க்கும் கண் அவருடையதே.

இப்போது நம் படங்களில் இடைவேளைக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று என்று ட்விஸ்ட் வைப்பது சடங்காகிவிட்டது. ஒருமுறை பார்த்ததும் அந்தப் படங்கள் தீர்ந்துபோகின்றன. கதை எழுதும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'நொடோரியஸ்' விருந்துக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். பிறகு உங்கள் திரைக்கதையில் கடைசிப் பக்கத்துக்கு ஒளித்துவைத்திருக்கும் ரகசியத்தைப் பத்தாம் பக்கத்துக்குக் கொண்டுவந்து, மீதிக் கதை நிற்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்.