மூன்று சுழி ‘ண’வும் லாரிப் பலகையும்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளில் கடைசியாக வேலைக்கு வருபவர் ஆர்ட்டிஸ்ட். வெல்டரும் டிங்கரும் பெயின்டரும் முடித்த பிறகே வண்டி அவர் கைக்கு வரும். நூலில் சாக்பீஸ் தடவிச் சுண்டிக் கோடு போடுவார். உரிமையாளர் பெயர், ஊர், குலதெய்வம் என ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்குவார். மூன்று சுழி ‘ண’வுக்கும் பக்கத்து ‘ர’வுக்கும் ஒரே அகலம் கொடுத்தால் முன்னது அடைத்துக்கொண்டு கறுக்கும், பின்னது வெறிச்சென்று நிற்கும். அந்த இடைவெளியைக் கண்ணாலேயே அளந்து சரிக்கட்டுவார். எழுத்துரு வடிவமைப்பைப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் முதலில் மல்லுக்கட்டுவதும் இதே கணக்கோடுதான்.

ஆனால் எழுத்து வடிவமைப்பைத் தனித் தொழிலாகத் தமிழ்நாடு நெடுங்காலம் எண்ணவே இல்லை. 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சானது. 1713-ல் தரங்கம்பாடி அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து அச்செழுத்து வந்தது. பின்னாளில் சென்னையில் பி.ஆர். ஹண்ட் பொறுப்பில் இருந்த அமெரிக்கன் மிஷன் அச்சகம் சிறிய, தெளிவான எழுத்துகளை வார்த்தது. அச்சகங்களின் பெயர்கள் நிலைத்தன. எழுத்தை வெட்டிய கைகளின் பெயர்கள் பெரும்பாலும் நிலைக்கவில்லை. சேலத்து அச்சகங்களில் கம்பாசிட்டர் இருந்தார், மெஷின்மேன் இருந்தார். எழுத்தின் வடிவத்துக்கென்று ஓர் ஆள் இல்லை.

வடிவத்தைப் பொதுப் பிரச்சினையாக்கியவர் பக்கத்து ஊரான ஈரோட்டுக்காரர். 1935-ல் பெரியார் தம் இதழ்களில் சீர்திருத்த எழுத்தைப் புகுத்தினார். அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சுக்கும் சுமை குறைய வேண்டும் என்பது அவர் வாதம். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு அதை ஆணையாக்கியபோது ணா, றா, னா, ணை, லை உள்ளிட்ட 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் பாடநூலிலிருந்து போயின. துதிக்கை வைத்த ‘லை’ பழைய கடைப் பலகைகளில் மட்டும் தங்கியது.

பிறகு கணினி வந்தது. அச்சகத்துக்கு அச்சகம் வேறு வேறு எழுத்துரு, வேறு வேறு குறியேற்றம். ஓர் இடத்தில் அடித்த கல்யாணப் பத்திரிகை இன்னோர் இடத்தில் திறந்தால் வெறும் குறிகளாகக் கிடந்தது. 1999-ல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என இரு குறியேற்றங்களை ஏற்றது. கடைசியில் ஒருங்குறி நிலைத்தது.

தொழிலுக்கு முகம் கிடைத்ததும் இந்தக் காலத்தில்தான். ஆப்பிள் கருவிகளில் வரும் ‘தமிழ் சங்கம் எம்.என்.’ எழுத்துருவின் பெயரிலேயே அதை வரைந்த மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் முதலெழுத்துகள் உள்ளன. பிரியா ரவிச்சந்திரனின் ‘கட்டமரான்’ ஒன்பது கனங்களில் வந்தது. இலங்கையின் தாரிக் அஸீஸ் ‘பவனம்’, ‘கவிவனார்’ இரண்டையும் வரைந்தார். பிந்தைய மூன்றும் திறந்த உரிமத்தில் கிடைப்பதால் திருச்செங்கோட்டில் போர்வெல் லாரிக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடையும் காசில்லாமல் பயன்படுத்தலாம்.

திரையில் படிக்கத் தமிழுக்கு இன்று நல்ல எழுத்துருக்கள் உண்டு. ஓடும் வண்டியில், தூரத்திலிருந்து படிக்க வேண்டிய தடித்த எழுத்துக்குத்தான் பஞ்சம். அந்த வித்தை தெரிந்தவர்கள் நாமக்கல் பட்டறைகளில் இருக்கிறார்கள். ஆனால் தகுதிச் சான்றுக்காக எஃப்.சி.க்குப் போகும் வண்டி புது பெயின்ட் பூசிக்கொள்கிறது. பழைய எழுத்து அதோடு மறைகிறது. வடிவமைப்புக் கல்லூரிகள் அதற்குமுன் பட்டறைக்கு வந்து, அந்த எழுத்துகளைப் படமெடுத்து, எழுதியவரின் பெயரோடு பதிவுசெய்ய வேண்டும்.