கிள்ளக் கிள்ள அரைக்கீரை

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் பக்கம் வர வர மண்ணில் மணல் கூடும். அரைக்கீரைக்கு அது தோதுதான், தண்ணீர் தேங்காது. விதை கடுகைவிடச் சிறியது, கறுத்து மினுங்கும். அப்படியே வீசினால் ஓரிடத்தில் குவிந்துவிடும் என்பதால் மணலோடு கலந்து தூவுவார்கள். தண்ணீரைப் பூவாளியால்தான் தெளிக்க வேண்டும்; குடத்தால் கொட்டினால் விதையெல்லாம் பாத்தி மூலைக்கு ஓடிவிடும்.

முளைக்கீரையை வேரோடு பிடுங்கினால் கதை முடிந்தது. அரைக்கீரை அறுக்க அறுக்கப் பக்கக்கிளை விடும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 3 ரகம், விதைத்த 20ஆம் நாள் தொடங்கி 3 மாதத்துக்குள் சுமார் 10 முறை கிள்ளத் தரும். ‘நான் என்ன கிள்ளுக்கீரையா?’ என்று கோபிப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்! ஐப்பசி அடைமழைதான் அரைக்கீரைக்கு எமன். இலை சேற்றில் படிந்து அழுகும்.

வேகவைக்கும்போது சட்டியை மூடாதீர்கள், பச்சை நிறம் போய்விடும். பூண்டு, பச்சைமிளகாய் சேர்த்து வெந்ததும் மத்தால் கடைந்து, வடகம் தாளித்துக் கொட்டினால் போதும். மிக்ஸியில் போட்டால் பசைதான் கிடைக்கும். தொட்டுக்கொள்ள மொறுமொறுவென்று வறுத்த நெத்திலிக் கருவாடு இருந்தால் சோறு இன்னும் இரண்டு கரண்டி கூடுதலாக இறங்கும்.