டாமின் உத்தியோகம்

டாம் அண்ட் ஜெர்ரி குழந்தைகளுக்கான படம் என்பது பொதுவான அபிப்பிராயம். அது பாதி உண்மைதான். வில்லியம் ஹானாவும் ஜோசப் பார்பராவும் 1940 முதல் 1958 வரை எடுத்த 114 குறும்படங்களும் சினிமாக் கொட்டகைகளுக்காக, பெரியவர்களும் அமர்ந்திருந்த சபைக்காகத் தயாரானவை. ஏழு ஆஸ்கார் பரிசுகள் பெற்றவை. பிற்பாடுதான் தொலைக்காட்சி அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்தது. நம் நாட்டில் 1995-ல் கார்ட்டூன் நெட்வொர்க் வந்த பிறகு, அவை அன்றாட விஷயமாகிவிட்டன.

அம்பத்தூரில் எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வந்ததும் படுக்கப் போகாமல், பெண்ணோடு உட்கார்ந்து இதைப் பார்ப்பார். ஒரே காட்சிக்கு இருவரும் சிரிக்கிறார்கள். ஆனால் ஒரே காரணத்துக்காக அல்ல. குழந்தை ஜெர்ரியின் கட்சி. சின்னது பெரியதை ஏமாற்றுகிறது, அது போதும். தகப்பனார் பார்ப்பது டாமை. அவருடைய தொழிற்சாலையிலும் உடைந்த சாமானுக்குக் கணக்குக் கேட்பவர் உண்டு.

முதல் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பூனையின் பெயர் ஜாஸ்பர். இன்னும் ஒரு பொருள் உடைந்தால் வீட்டைவிட்டு வெளியே போகவேண்டும் என்பது அதற்கு இடப்பட்ட கட்டளை. விஷயத்தைப் புரிந்துகொண்ட எலி, ஒரு கண்ணாடிக் கோப்பையைக் கீழே தள்ளிவிடுவதாகப் பயமுறுத்துகிறது. அதற்குப் பிறகு நடப்பது வேட்டை அல்ல. உத்தியோகத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் பாடு. விழும் சாமான்களை ஏந்த ஓடும் அந்த முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

இவ்வளவையும் அநேகமாக வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறார்கள். ஸ்காட் பிராட்லியின் வாத்திய இசை ஒவ்வொரு காலடியையும் தொடர்ந்து போகிறது. பேச்சையே பெரிதும் நம்பியிருக்கும் நம் ஹாஸ்ய எழுத்தாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஒரு குறையை மன்னிக்க முடியவில்லை. அந்தக் கட்டளையை இடுபவள் கறுப்பினப் பணிப்பெண். அவளும் அங்கே சம்பளத்துக்கு இருப்பவள்தான். படங்கள் அவளுடைய காலையும் குரலையும் காட்டினவே தவிர, அநேகமாக முகத்தைக் காட்டவில்லை. பேச்சும் அவள் இனத்தைக் கேலி செய்யும் பேச்சு. ஒரு பூனையின் அச்சத்துக்கு நூறு முகபாவங்கள் கண்டுபிடித்த கலைஞர்கள், அவளுக்கு ஒன்றுகூட ஒதுக்கவில்லை.

ஹாஸ்யம் என்ற அளவில் இது முதல் தரம். பெண்ணும் தகப்பனாரும் சேர்ந்து சிரிக்கட்டும். அவள் வளர்ந்த பிறகு, அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரி யார் என்று கேட்டால், அவர் பதில் சொல்லத் தயாராக இருக்கவேண்டும்.