அடுத்தது யார் வேலை?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். மிஷின் ஒன்று, காத்திருக்கும் ஜாப் இரண்டு. புஷ் கடைய 10 நிமிடம், ஷாஃப்ட் கடைய 60 நிமிடம். எதை முதலில் ஏற்றுவது? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை தேடித்தான் வரிசைக் கோட்பாடு நூறாண்டுக்கும் மேலாக வளர்ந்து வந்திருக்கிறது.

முதலில் வந்தது அளவிடும் மரபு. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் 1909இல் அதற்கு அடித்தளமிட்டார். அதன் பாடம் கடுமையானது. வேலை வருவதும் முடிவதும் முன்கூட்டித் தெரியாத எளிய வரிசையில், மிஷின் 80 சதவீத நேரம் ஓடினால் பட்டறையில் சராசரியாக 4 ஜாப் இருக்கும், 90 சதவீதத்தில் 9, 95இல் 19.

அடுத்தது முன்னுரிமை மரபு. ஆலன் காப்ஹாம் 1954இல் முன்னுரிமை வரிசைகளின் காத்திருப்பைக் கணக்கிட்டுக் காட்டினார். 1961இல் வெளிவந்த காக்ஸ், ஸ்மித் நூல் வழியே சி-மியூ விதி நிலைபெற்றது: தாமதத்தால் நிமிடத்துக்கு ஆகும் நட்டத்தை வேலை நேரத்தால் வகு, ஈவு பெரிதாக உள்ளதை முதலில் எடு. இரண்டு ஜாப்புக்கும் நட்டம் நிமிடத்துக்கு 1 ரூபாய் என்றால் புஷ்தான் முதலில். ஷாஃப்ட் வராமல் ஒரு லைனே நின்று நிமிடத்துக்கு 12 ரூபாய் போகிறதென்றால் கணக்கு மாறும். புஷ்ஷை முதலில் ஏற்றினால் நட்டம் 120 ரூபாய், ஷாஃப்டை ஏற்றினால் 60. 1974இல் கிளிமோவ், ரீ-ஒர்க்குக்குத் திரும்பி வரும் வேலைகளையும் இந்தக் கணக்குக்குள் கொண்டுவந்தார்.

மூன்றாவது மரபு நியாயத்தைக் கேட்பது. மிஷின் சும்மா நிற்காதவரை, முன்னுரிமை காத்திருப்பை ஒழிப்பதில்லை, ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாற்றுகிறது என்பதே கிளைன்ராக் 1965இல் தந்த காப்பு விதியின் சாரம். கும்மிடிப்பூண்டி தடத்தில் புறநகர் ரயிலில் போய்வருபவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். விரைவு வண்டிக்கு வழிவிட்டு பொன்னேரியில் நிற்கும் நிமிடங்கள் ஷிப்டுக்குப் போகிறவரின் நிமிடங்கள். காத்திருக்கக் காத்திருக்க முன்னுரிமை ஏறும் முறையையும் கிளைன்ராக்கே 1964இல் வகுத்தார்.

ஆகவே நல்ல வரிசைக்கு மூன்று தகுதிகள் வேண்டும். மிஷினை மூச்சுமுட்ட ஏற்றக்கூடாது. முந்துவதற்கான காரணம் கணக்காக இருக்கவேண்டும், சிபாரிசாக அல்ல. கடைசியில் நிற்பவருக்கும் ஒரு கெடு இருக்கவேண்டும். "அர்ஜெண்ட்" என்று எல்லா ஜாப் கார்டிலும் எழுதும் பட்டறையில் முன்னுரிமை என்று ஒன்று கிடையாது. இந்த மூன்றையும் எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவதற்கு ஒரு தாள் போதும்.