கட்ஸ்பியும் வளர்ப்பு முத்தும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, மறிச்சுக்கட்டி ஆகிய கரைகளில் முத்துச் சலாபம் நடைபெற்ற நாள்களில், சிப்பிகள் திறக்கப்படாமலே ஏலத்தில் விற்கப்பட்டன. 1905 ஆம் ஆண்டுச் சலாபத்தில் மட்டும் எடுக்கப்பட்டவை 8 கோடிக்கு மேலாகும். ஆயிரம் ஆயிரமாகக் குவித்த சிப்பிகளை வாங்கிய வணிகன், அவை அழுகிக் கழுவப்படும்வரை தான் பெற்றது செல்வமோ வெறும் ஓடோ என்பதை அறியான். புறத்தைக் கொண்டு அகத்தை அளத்தல் எத்துணை அரிது என்பதற்கு அவ்வணிகனே சான்று. அமெரிக்க எழுத்தாளர் ஸ்கொட் பிட்ஸ்ஜெரால்ட் 1925 இல் வெளியிட்ட ‘த கிரேட் கட்ஸ்பி’ என்னும் நாவலைப் படிப்போர் நிலையும் அத்தகையதே.

கதை நிகழ்வது 1922 ஆம் ஆண்டு வேனிற்காலத்தில். இடம் நியூயோர்க்கை அடுத்த லோங் தீவு. அங்கே மாளிகையொன்றில் வாழ்ந்து பெருவிருந்துகள் அளிக்கும் ஜே கட்ஸ்பியின் பிறப்பும் பொருள்வரவும் எவருக்கும் தெரியா. உண்மையில் அவன் வட டக்கோட்டாவின் வறிய உழவர் மகனாகிய ஜேம்ஸ் கட்ஸ். பதினேழாம் வயதில், செல்வனொருவனின் உல்லாசப் படகைக் கண்ட பொழுதில், தன் பெயரைத் தானே மாற்றிக்கொண்டான். பெயரை மட்டுமன்று, பெற்றோரையே மாற்றிக்கொண்டான் எனலாம். செல்வர் குடியிற் பிறந்தவன் என்றும், சுற்றத்தார் அனைவரும் இறந்தனர் என்றும் பின்னாளிற் கூறுகின்றான். தந்தையோ உயிருடன் இருக்கின்றார்.

இப்பொய்களின் இயல்பு நுணுகி நோக்கத்தக்கது. முழுப் பொய்யாகத் தோன்றுவன சிலவற்றுள் ஒரு துளி மெய் கிடக்கின்றது. ஒக்ஸ்போட்டிற் கற்றதாகக் கூறுகின்றான். போர் முடிந்தபின் படை அதிகாரிகளுக்கு அளிக்கப்பட்ட வாய்ப்பினால் 1919 இல் அங்கே ஐந்து மாதம் இருந்தது உண்மை. நூலகத்திலுள்ளவை வெறும் அட்டைகளாக இருக்கும் என எண்ணிய விருந்தினன் ஒருவன், அவை மெய்யான நூல்களே எனக் கண்டு வியக்கின்றான். ஆயினும் அவற்றின் தாள்கள் வெட்டப்படவில்லை. திறவாத சிப்பி போலவே திறவாத நூல்கள்.

கதை நிகழும் காலத்துக்கு முந்திய ஆண்டாகிய 1921 இல், இலண்டன் முத்து வணிகரிடையே பெரும் பூசல் ஒன்று எழுந்தது. சிப்பியினுள் ஓட்டுத்துண்டாலான சிறு மணியைச் செலுத்தி யப்பானியராகிய மிக்கிமோட்டோ வளர்த்த முத்துகளைப் போலி என்றனர் வணிகர் பலர். மணியை இட்டது மனிதன் கை. அதன்மேற் படலம் படலமாக ஒளியைப் பூசியதோ உயிருள்ள சிப்பி. அது போலியோ, மெய்யோ? கட்ஸ்பியும் அத்தகைய வளர்ப்பு முத்தே. இட்ட கரு பொய். அதன்மேற் படிந்த விடாமுயற்சியும் ஐந்தாண்டு கலையாத காதலும் மெய். அவன் இறந்தபின் தந்தை எடுத்துக் காட்டும் சிறுவயதுக் கால அட்டவணையில், விடியலில் எழுதல், உடற்பயிற்சி, படிப்பு என நாள் முழுதும் வகுக்கப்பட்டுள்ளது. வெறும் ஏமாற்றுக்காரன் தன்னை இவ்வாறு வருத்திக்கொள்வானல்லன்.

பாரதத்துக் கர்ணன் இங்கு நினைவுக்கு வருதல் இயல்பு. அவனும் பரசுராமரிடம் தன்னை அந்தணன் எனக் கூறியே வில்வித்தை கற்றான். வண்டு தொடையைத் துளைத்தபோது குருவின் துயில் கலையாதிருக்கப் பொறுத்தான். அப்பொறுமையே அவனைக் காட்டிக்கொடுத்தது. ஆயின் வேறுபாடு பெரிது. கர்ணன் தானும் அறியாத உயர்பிறப்பு உடையவன். கட்ஸ்பிக்கு அத்தகைய மறைபிறப்பு இல்லை. கர்ணன் வேண்டியது வித்தை; கட்ஸ்பி வேண்டியதோ பிறன் மனைவியாகிவிட்ட டெயிசியும் அவளைச் சூழ்ந்த செல்வப் பொலிவும். அதற்கான பொருள் மதுவிலக்குக் காலத்துக் கள்ளச் சாராய வணிகத்தில் வந்தது. இதனை மறந்து அவனைப் புகழ்வோர் நாவலைப் பாதியே படித்தவராவர்.

நாவலில் உண்மை முத்துகளும் உண்டு. திருமணத்துக்கு முதல்நாள் டொம் புக்கனன் டெயிசிக்கு அளித்த முத்துமாலையின் மதிப்பு 3,50,000 டொலர். அன்று வந்த கடிதமொன்றைக் கண்டு கலங்கிய அவள் மாலையைக் குப்பைக்கூடையில் எறிகின்றாள். கடிதம் குளியல்நீரிற் கரைகின்றது. அரைமணி நேரத்துள் மாலை மீண்டும் அவள் கழுத்தை அடைகின்றது. மெய்ம்முத்தை அணிந்தமையால் வாழ்வு மெய்யாகிவிடவில்லை. பின்னர் அவள் ஓட்டிய வண்டி ஒரு பெண்ணைக் கொல்ல, அப்பழியைத் தன்மேல் ஏற்கச் சித்தமாகும் கட்ஸ்பி தன் உயிரையே இழக்கின்றான். டொம்மும் டெயிசியும் ஊரைவிட்டு நீங்குகின்றனர்.

குற்றமற்ற நன்மை பயப்பின் பொய்யும் வாய்மையாகும் என்பது வள்ளுவர் வகுத்த அளவு. கட்ஸ்பியின் இறுதி மறைப்பு அவ்வளவையில் தேறாது. அது குற்றவாளியைக் காத்தது, இறந்தவளுக்கு நீதி கிட்டாமற் செய்தது. ஆயினும் தன்னை உயர்த்திக்கொள்ளப் பொய் கூறிய அவன், பிறரைக் காக்கத் தன்னை அழித்தது அங்கேதான். தன்னைத் தானே ஆக்கிக்கொள்ள முயலுதல் குற்றமன்று. கல்லூரி வாயிலில் நுழையும் ஒவ்வொரு மாணவனும் அதற்காகவே வருகின்றான். கருவாக வைக்கப்படுவது எது என்பதே வினா. கட்ஸ்பி வைத்தது பிறர் மாளிகையின் ஒளி.

நூற்றுக்கணக்கானோர் உண்டு களித்த மாளிகையிலிருந்து சவத்தின்பின் சென்றோர் மிகச் சிலர். அயலவனாகிய கதைசொல்லியை நீக்கின், விருந்தினருள் வந்தவன், அன்று நூலகத்தில் நூலை எடுத்துப் பார்த்த அவ்வொருவனே.