சீன மொழியின் திசை நிரப்பிகளும் தமிழ் வினைத்தொடர்களும்: டால்மியின் பகுப்பு குறித்த ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: சீனம், திசை நிரப்பி, இயக்க வினை, செலவும் வரவும், மொழி வகைப்பாடு

இயக்கத்தின் திசையை ஒரு மொழி எவ்வுறுப்பில் வைத்து உணர்த்துகிறது என்பதைக் கொண்டு உலக மொழிகளை இரண்டாகப் பகுத்தவர் லெனார்டு டால்மி. 2000இல் வெளிவந்த அவரது நூலில், முதன்மை வினையே திசையை ஏற்கும் மொழிகளுள் ஒன்றாகத் தமிழும், வினையைச் சார்ந்த துணையுறுப்பு திசையை ஏற்கும் மொழிகளுள் ஒன்றாகச் சீனமும் வைக்கப்பட்டுள்ளன. இப்பகுப்பு இன்றளவும் எடுத்தாளப்படுகிறது. சீனத்தின் திசை நிரப்பிகளைத் தமிழ்த் தொடர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கையில், இவ்விரு மொழிகளையும் எதிரெதிர் அணிகளில் நிறுத்துவது பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சீனத்தில் ஒரு வினைக்குப் பின் ஷாங் (ஏறு), ஷியா (இறங்கு), ஜின் (நுழை), ட்சூ (வெளியேறு), ஹுய் (திரும்பு), குவோ (கட), ச்சி (எழு) ஆகியவற்றுள் ஒன்று வந்து திசையைக் காட்டும். அதனையடுத்து லாய் (வா) அல்லது ச்யூ (போ) வந்து, அவ்வியக்கம் பேசுவோனை நோக்கியதா அவனை விட்டு விலகுவதா என்பதைச் சுட்டும். ச்சி என்பதோடு ச்யூ மட்டும் பொதுவாகச் சேர்வதில்லை. ‘பாவ் ஜின் லாய்’ என்னும் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘ஓடு - நுழை - வா’ என அமையும். ‘ஓடி நுழைந்து வந்தான்’ என்னும் தமிழ்த் தொடரிலும் வரிசை இதுவே. இயங்கும் முறை, திசை, சுட்டு என்னும் மூன்றும் இரு மொழிகளிலும் ஒரே ஒழுங்கில் அடுக்கப்படுகின்றன.

எனில் வேறுபாடு எங்குள்ளது? தமிழில் ஓடி, நுழைந்து என்பன எச்சங்கள். வந்தான் என்பது முற்று. தலைமைச் சொல் எது என்பதை விகுதியே காட்டிவிடுகிறது. சீன வினைக்குக் காலமும் இடமும் காட்டும் விகுதிகள் இல்லை. ஆகவே அம்மூன்று சொற்களுள் முதன்மையானது எது என்பதை வடிவத்தைக் கொண்டு அறிய இயலாது. ஆய்வாளரே முடிவு செய்ய வேண்டியுள்ளது. டால்மி முதற்சொல்லைத் தலைமையாகக் கொண்டார். ஜேம்ஸ் தாய் 2003இல் இதனை மறுத்து, திசை காட்டும் வினையே மையம் என்றார். டான் ஸ்லோபின் 2004இல், இரண்டையும் நிகரான வினைகளாகக் கொள்ளும் மூன்றாம் வகையொன்றை முன்வைத்தார்.

இவற்றுள் ஸ்லோபினின் தீர்வே ஏற்புடையது. எனினும் அது முழுமையானதன்று. ஷாங், ஜின் முதலியன தனித்து நின்று முழுவினையாக இயங்க வல்லன என்பதால், அவற்றை ஆங்கிலத்தின் திசை இடைச்சொற்களோடு ஒருங்கு வைத்தல் பொருந்தாது. ஆனால் நிரப்பியாக வரும் லாய், ச்யூ ஆகியன பெரும்பாலும் தம் தொனியை இழந்து மெலிந்து ஒலிக்கின்றன. இடப்பெயர் வருமாயின் அவை அதற்குப் பின்னே தள்ளப்படுகின்றன: ‘ட்ஸோவ் ஜின் ஜியாவ்ஷி லாய்’ (நட - நுழை - வகுப்பறை - வா). தமிழில் முற்றாகித் தொடரைத் தாங்கி நிற்கும் ‘வா’, சீனத்தில் ஒலியளவில் மிக மெலிந்த உறுப்பாகிறது. ‘நிகர்’ என்னும் சொல் இம்மெலிவைக் கணக்கில் கொள்ளவில்லை.

லாய், ச்யூ ஆகியவற்றைப் பாடநூல்கள் பேசுவோனை மட்டும் மையமாகக் கொண்டு விளக்குவதுண்டு. தொல்காப்பியக் கிளவியாக்கம் வரவையும் தரவையும் தன்மைக்கும் முன்னிலைக்கும், செலவையும் கொடையையும் படர்க்கைக்கும் உரியனவாக வகுத்தது. முன்னிலையையும் சேர்த்துக்கொண்ட இப்பார்வை சீனத்திற்கும் பயன்படும். அழைத்தவருக்கு மறுமொழியாக ‘இதோ வருகிறேன்’ என்னும் பொருளில் சீனரும் லாய் என்றே கூறுவர். ஆயின் ‘நாளை உங்கள் வீட்டிற்கு வருகிறேன்’ என்னுமிடத்தில் சீனத்தில் ச்யூ வருவதே இயல்பு; தமிழில் ‘போகிறேன்’ என்றால் கேட்பவர் திகைப்பார். சீனத்தில் முன்னிலை சில சூழல்களில் மட்டுமே வரவின் இடமாகிறது. தொல்காப்பிய விதியை அவ்வாறே சீனத்தின்மேல் ஏற்றிப் பெருமை கொள்வதற்கு இங்கு இடமில்லை.

திசை நிரப்பிகள் இடப்பொருளைக் கடந்து செல்லுமிடத்தில் ஒப்பீடு மேலும் கூர்மை பெறுகிறது. ‘ஹுன் குவோ ச்யூ’ என்பது மயங்கிப் போதல். ‘ஷிங் குவோ லாய்’ என்பது நினைவுக்கு வருதல். நினைவை விட்டு நீங்குதல் செலவாகவும் அதனை அடைதல் வரவாகவும் இரு மொழிகளிலும் அமைகின்றன. ‘சுவான் ஷியா லாய்’ என்பது வழிவழியாக வழங்கி வருதல். முற்காலத்திலிருந்து இன்றை நோக்கிய அசைவை இங்கும் ‘வா’ உணர்த்துகிறது.

ஆனால் ‘ஷியா’ தமிழுக்குள் அவ்வாறு வருவதில்லை. சீனருக்குக் காலம் மேலிருந்து கீழ் இறங்குவது. கடந்த மாதம் ‘மேல் மாதம்’, அடுத்த மாதம் ‘கீழ் மாதம்’. எனவே ‘தொடர்ந்து சொல்’ என்பதற்கு ‘ஷுவோ ஷியா ச்யூ’ (சொல் - இறங்கு - போ) என்பர். அதே இடத்தில் தமிழர் கூறுவது ‘மேலே சொல்லுங்கள்’. இனிமேல், மேற்கொண்டு, அதற்கு மேல் என வரும் தமிழ் வழக்குகளில் தொடர்ச்சி மேல்நோக்கியது. ஒன்றன்மீது ஒன்றாக அடுக்குவது போன்றது. சீனத் தொடர்ச்சி நீர் போல் கீழ்நோக்கிச் செல்வது. சுட்டுப் பகுதி பொருந்த, செங்குத்துப் பகுதி தலைகீழாகிறது. வினைச்சொல்லை மட்டும் அளக்கும் டால்மியின் பகுப்பில் இவ்வேறுபாடு பதிவாவதில்லை. சீனத்திலிருந்து நேரே தமிழாக்கம் செய்வோர் ஷியா என்பதைக் கைவிட்டு ‘மேலே’ என எழுதுங்கால், அதனைப் பிழை எனக் கொள்ள இயலாது.