கடல் புறாவும் நம் தீவும்

சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, ஏறத்தாழ மூன்று நாள் கடலில் அலைப்புண்டு இத்தீவுகளில் வந்திறங்கிய நம் குடும்பங்கள், பாய் படுக்கை பாத்திரங்களோடு கதைப் புத்தகங்களையும் கொணர்ந்தன. வார இதழ்களினின்று தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, பைண்டு செய்து போற்றிய தொகுதிகள் அவை. அவற்றை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவார் உளர். நாம் ஒதுக்க மாட்டோம். தெருவில் வங்காளமும் கடையில் இந்தியும் ஒலிக்கும் ஊரில், நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் உரைநடையில் சுவையூட்டியவை அத்தொடர்கதைகளே. ஆயினும், சுவைத்ததை எடைபோட்டுப் பார்ப்பதும் படிப்பவர் கடனன்றோ?

2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டபோது, இத்தீவுகளுக்கும் சோழர் கடற்படைக்கும் இருந்த தொடர்பும் நினைவுகூரப்பட்டது. அப்பெயரைக் கேட்டதும் நம் உள்ளம் சாண்டில்யனின் 'கடல் புறா'வை நாடியது. குமுதத்தில் தொடராக வந்து, மூன்று பாகங்களாக நூலுருப் பெற்ற அப்புதினத்தை, இரவு உணவுக்குப் பின் ஒருவர் படிக்க மற்றவர் கேட்க, அண்மையில் மீண்டும் படித்து முடித்தோம்.

நூலின் சிறப்பை முதலில் சொல்லிவிடுவோம். கலிங்கத்துப்பரணி போற்றும் கருணாகரத் தொண்டைமானைச் சாண்டில்யன் கடலோடியாக்கினார். அவனுடைய கப்பலுக்குக் கடல் புறா என்று பெயரிட்டார். காற்றின் போக்கையும், பாயின் விரிவையும், கடற்போரின் சூழ்ச்சிகளையும் அவர் விவரிக்கும்போது, கப்பற்பயணம் நன்கறிந்த நம்மவரும் மூச்சடக்கிக் கேட்கின்றனர். அத்தியாயம் முடியுமிடத்தில் "அடுத்து என்ன?" என்று கேட்க வைக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. குறையும் இல்லாமலில்லை. பெண்டிரின் அழகை வருணிக்கப் புகுந்தால் அவர் பேனா ஓய்வதில்லை. பிள்ளைகள் சூழ்ந்திருக்க உரக்கப் படித்த நாம், சில பக்கங்களைத் தாண்டிச் செல்ல நேர்ந்தது.

இதனினும் பெரிய குறை வேறொன்று. கதையில் மாநக்கவாரம் வருகிறது. அது நம் நிக்கோபாரே. முதலாம் இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டிலும் அப்பெயர் உண்டு. ஆனால் புதினத்தில் அத்தீவு கடற்கொள்ளையர் தங்குமிடமாகவும், வீரன் வென்று அப்பால் செல்வதற்கு ஒரு படியாகவுமே நிற்கிறது. தென்னையும் தாழையும் பேணி, கால்நாட்டி உயர்த்திய குடில்களில் வாழ்ந்த நிக்கோபார் மக்களுள் ஒருவரேனும் நம் நினைவில் தங்கவில்லை. "தீவு வந்தது, தீவுக்காரர் எங்கே?" என்று எம் இல்லத்துச் சிறுமி கேட்டாள். அதனினும் கூரிய திறனாய்வு நம்மிடம் இல்லை.

வரலாற்றுக் கதையில் இது இயல்புதானே எனச் சிலர் கூறலாம். அவர்கள் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை நோக்குக. அதுவும் மன்னர் கதையே. ஆயினும், வந்தியத்தேவனை இலங்கைக்குக் கொண்டு சேர்ப்பவள் கோடிக்கரைப் படகுக்காரி பூங்குழலி. கடலை வெல்லவேண்டிய பரப்பாக அவள் காணவில்லை; துடுப்புப் பிடித்த கையால் அறிந்திருக்கிறாள். ஆதலின் அக்கரை உயிருள்ள ஊராகிறது.

இன்னும் ஒரு படி மேலே செல்வது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972இல் வெளிவந்த இந்நூல், தொடர்கதைகளைப்போல் பெருவாரியாகப் படிக்கப்பட்டதன்று. பிழைப்புக்காக மெடான் சென்று வாழ்ந்தவர் அதன் ஆசிரியர். கடல் கடந்த தமிழரின் கடைத்தெருவும், வட்டிக்கடை வாழ்வும், ஊர் நினைவும், போர்க்காலத் துயரும் அதில் கண்முன் நிற்கின்றன. வந்தேறி வாழ்ந்தவன் தானே எழுதுகோல் பிடித்ததால் விளைந்த வலிமை அது.

அவ்வாறாயின், நம் தீவின் கதையை எழுதுவார் யார்? 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழியே இலங்கையிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய குடும்பங்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அத்தீவைச் சூறையாடியது. ஊர்க் கடிதத்துக்காகக் கப்பல் வரும் நாளை எண்ணிக் காத்திருந்த அன்னையர் நம் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தனர். இவர்களுள் எவரும் எந்தத் தொடர்கதைக்கும் தலைவராகவில்லை. முதல் தலைமுறையினர் ஒவ்வொருவராக மறைகின்றனர். அவர்தம் கதைகளும் உடன் மறைகின்றன.

சாண்டில்யனிடம் விறுவிறுப்பையும், கல்கியிடம் எளிய மாந்தரை மதிக்கும் பண்பையும், சிங்காரத்திடம் கண்டதைக் கண்டவாறே கூறும் துணிவையும் நம் இளைஞர் கற்பாராக. வீட்டுப் பெரியவர் அருகில் நோட்டுப் புத்தகத்தோடு அமர்ந்து, அவர் சொல்வதை எழுதிக்கொள்வாராக. அவ்வாறு பிறந்த சிறுகதை ஒன்றேனும் அடுத்த மலரில் இடம்பெற வேண்டும் என்பதே நம் அவா.